ஈயம் இறங்கிய மண்ணை என்ன செய்வது?

மதுராந்தகத்துக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நீங்கள் ஒரு மனை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் சரி, பட்டா சரி, கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இல்லை. ஒரு மூலையில் மட்டும் புல் முளைக்கவில்லை. காலால் கிளறினால் கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள் வருகின்றன. கூடவே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ. விசாரித்தால், "முன்னாடி இங்க ஒரு காயலான் கடை இருந்துச்சு, பழைய பேட்டரி உடைப்பாங்க" என்கிறார் எதிர் டீக்கடைக்காரர்.

அந்த மாவு பெரும்பாலும் ஈயக் கூட்டுப்பொருள்தான். கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். உடைக்கும்போது சிந்தியது அங்கேயே இருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

முதலில், கன உலோகம் என்றால் என்ன? ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற அடர்த்தி மிகுந்த, அளவு மீறினால் உடம்புக்கு ஆகாத உலோகங்களைச் சேர்த்து இப்படிச் சொல்கிறார்கள். பாஷாணம் என்று நம் பெரியவர்கள் சொன்ன ஆர்சனிக் முழு உலோகம் இல்லை; ஆனாலும் இந்தப் பட்டியலில் அதையும் சேர்த்துவிடுவது வழக்கம். துத்தநாகமும் தாமிரமும் பயிருக்கு வேண்டியவை, மிஞ்சினால் கெடுதல்.

எல்லா மாசும் நாளாவட்டத்தில் மக்கிப்போகாதா? பூச்சிமருந்தில் பலவும், சிந்திய டீசலும் நுண்ணுயிர்களால் சிதைந்துபோகும். உலோகம் அப்படியில்லை. அது தனிமம் (வேறொன்றாகப் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருள்). ஈயத்தை எரித்தாலும் கரைத்தாலும் புதைத்தாலும் ஈயம்தான்.

ஆகவே மண்ணைச் "சுத்தம் செய்வது" என்றால் இரண்டே வழிதான். ஒன்று, உலோகத்தை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் பத்திரமாக வைப்பது. இல்லையென்றால், அது வேருக்கும் தண்ணீருக்கும் போகாதபடி இருக்கும் இடத்திலேயே கட்டிப்போடுவது. யாராவது ஒரு பாட்டில் திரவத்தைக் காட்டி, "இதைத் தெளித்தால் ஈயம் மறைந்துவிடும்" என்றால், எங்கே போகும் என்று கேளுங்கள்.

என் நிலமும் கெட்டிருக்குமோ என்ற பயம் உடனே வரும். எல்லா மண்ணிலும் இந்த உலோகங்கள் கொஞ்சம் இருக்கும். பாறையிலிருந்து வந்தவை அவை. ஒரு கிலோ மண்ணில் 10, 20, 30 மில்லிகிராம் ஈயம் இருப்பது இயல்பு. பேட்டரி உடைத்த இடம், முலாம் பூசும் பட்டறை, கேபிளை எரித்துத் தாமிரம் எடுத்த இடம், தோல் கழிவு கொட்டிய பள்ளம், ஊர்க் குப்பை எரித்த மேடு, இவற்றில்தான் சந்தேகப்பட வேண்டும். பெரிய சாலையை ஒட்டிய மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறினோம். அதுவரை வண்டிப் புகையில் வந்த ஈயம் ரோட்டோரத்திலேயே படிந்திருக்கும்.

இதெல்லாம் எதுவும் அருகில் இல்லாத சாதாரண நெல் வயல் என்றால் நிம்மதியாக இருங்கள்.

ஏரி வண்டல் அடிக்கலாமா? மதுராந்தகம் ஏரியில் தூர்வாரும் வேலை நடந்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. வண்டலின் களித்துகள் மிக நுண்ணியது, உலோகத்தைக் காந்தம்போலப் பிடித்துக்கொள்ளும். சத்தைப் பிடித்து வைப்பதும் அதே குணம்தான். எனவே ஏரிக்குள் என்ன வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தே பதில். மழைத் தண்ணீரும் மேல்கட்டு ஏரிகளின் உபரியும் மட்டும் வரும் ஏரி என்றால் தாராளமாக அடிக்கலாம். ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ வந்து சேரும் வாய்ப்பகுதியை ஒட்டிய வண்டலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சென்னைப் புறநகர் ஏரியிலிருந்து டிப்பரில் வருகிறது என்றால், லோடு இறங்குவதற்கு முன்பே கேள்வி கேட்பது நல்லது.

மூட்டையில் விற்கும் நகரக் குப்பை உரத்துக்கும் வரம்பு உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, பாதரசம் 0.15 தாண்டக்கூடாது. விற்பவரிடம் ஆய்வு அறிக்கை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் வீட்டுத் தொழுவுரத்துக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

மண் பரிசோதனை செய்தாயிற்றே, மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்பீர்கள். அந்த அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார அமிலநிலை, உப்புநிலை, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், மொத்தம் 12 விவரங்கள். ஈயமும் காட்மியமும் குரோமியமும் அதில் இல்லவே இல்லை. அட்டை சொல்வது பயிருக்குச் சோறு போதுமா என்பதைத்தான். அதில் விஷம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு, தனிக் கட்டணம் கட்டித்தான் செய்யவேண்டும். எந்தெந்த உலோகம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். குரோமியம் என்றால் "குரோமியம்-6 தனியாக வேண்டும்" என்றும் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம், அவையே உலோகத்தைச் சேர்த்துவிடும். மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்துக்கு 'வி' போலக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டிக் கலக்குங்கள். வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறி போட்டு நான்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீதியை மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கி, அரைக்கிலோ மிஞ்சும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்திப் பையில் கட்டினால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. புல் முளைக்காத அந்த மூலையை மற்ற மண்ணோடு கலக்காதீர்கள். அதற்குத் தனிப் பை. கலந்துவிட்டால் மூலையின் விஷம் சராசரியில் ஒளிந்துகொள்ளும், மனை மொத்தமும் "பரவாயில்லை" என்று அறிக்கை வந்துவிடும்.

அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்கவேண்டும்? மில்லிகிராம்/கிலோ என்று இருக்கும். பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று பொருள். சாகுபடி மண்ணுக்கு நம் ஆய்வாளர்கள் வழக்கமாக ஒப்பிடும் உச்ச அளவு ஈயத்துக்கு 250 முதல் 500 வரை, காட்மியத்துக்கு 3 முதல் 6 வரை. குழந்தைகள் விளையாடும் வீட்டு வாசல் என்றால் நான் இன்னும் கறாராக இருப்பேன். அமெரிக்காவில் வீட்டு மண்ணில் ஈயத்தின் எச்சரிக்கை அளவு வெகுகாலம் 400 ஆக இருந்தது. 2024-இல் அதை 200 ஆகக் குறைத்தார்கள். ஈயம் முதலில் கெடுப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சியை. அவர்கள்தான் மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பவர்கள்.

எண் கூடுதலாக வந்துவிட்டால்? எந்த உலோகம் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகும். இதைப் புரிந்துகொள்ள ராணிப்பேட்டைக்குப் போய் வருவோம்.

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 20 ஆண்டு ஓடியது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு வெட்டவெளியில் மேடாக மிஞ்சியது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடியும். 2006-இல் ஒரு சர்வதேச அமைப்பு உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. ஆலை மூடி 25 ஆண்டு கடந்த பிறகும் மேடு அங்கேயேதான் கிடந்தது.

மஞ்சள் நிறம் எதைக் காட்டுகிறது? குரோமியம் இரண்டு வேஷத்தில் வரும். குரோமியம்-3 மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், கெடுதலும் குறைவு. குரோமியம்-6 தண்ணீரோடு ஓடும், மஞ்சளாகக் கரையும், புற்றுநோயும் தரும். தோல் தொட்டியில் போடுவது பெரும்பாலும் முதல் வகை. ராணிப்பேட்டை மேட்டில் பயமுறுத்துவது இரண்டாவது வகை.

இங்கேதான் வைத்தியம் தலைகீழாகிறது. ஈயமோ காட்மியமோ உள்ள புளித்த (அமிலத்தன்மையுள்ள) மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது. அவை கரையாமல் இறுகிக்கொள்ளும். அதே சுண்ணாம்பைக் குரோமியம்-6 உள்ள மண்ணில் போட்டால் அது இன்னும் சுளுவாக நகரும். ஆர்சனிக்கும் அப்படித்தான். குரோமியம்-6-க்கு வேண்டியது அதைக் குரோமியம்-3 ஆக மாற்றும் பொருள்: அன்னபேதி (இரும்புச் சத்துக் குறைவுக்குத் தெளிக்கிறோமே, அதே உப்பு), மக்கிய எரு, சர்க்கரை ஆலை மொலாசஸ். உலோகம் போகவில்லை, வேஷம் மட்டும் மாறுகிறது. ஆனால் கிணற்றுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பாலாறு ராணிப்பேட்டையைத் தொட்டுக்கொண்டுதானே மதுராந்தகம் பக்கம் வருகிறது, நமக்கு ஆபத்தா என்று சிலர் கேட்பார்கள். பாலாறு வயலூர் அருகே கடலில் சேருகிறது. மதுராந்தகம் ஏரிக்குத் தண்ணீர் தரும் கிளியாறு போய்ப் பாலாற்றில் விழுகிறது. பாலாறு கிளியாற்றில் வந்து விழவில்லை. ஆகவே மதுராந்தகம் ஏரிக்கு ராணிப்பேட்டைத் தண்ணீர் வர வழியில்லை. பாலாற்றுப் படுகையில் கிணறு வைத்திருப்பவர்கள் தண்ணீரை ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். குடிநீரில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

சரி, மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் என்ன? சின்ன இடம் என்றால் அதுதான் சரி. பேட்டரி உடைத்த மூலை பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழம் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். நாலு டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். முடியக்கூடிய காரியம். ஆனால் எடுத்த மண்ணை ஏரிக்கரையிலோ பக்கத்து ஊர்க் குட்டையிலோ தள்ளிவிடக் கூடாது. ஈயம் மிகுந்த மண் அபாயக் கழிவாகக் கணக்கிடப்படலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அனுமதி பெற்ற புதைகிடங்குக்குத்தான் போகவேண்டும்.

ஒரு ஏக்கர் என்றால் கதை வேறு. அரையடி ஆழத்துக்கே 218 யூனிட், சுமார் 900 டன். மேல்மண் மொத்தமும் போனால் விளைச்சலும் போகும்.

ஜப்பானில் இதையும் செய்து பார்த்தார்கள். தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றின் மேலே இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் வந்து நெல் வயல்களில் இறங்கியது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. "வலிக்குதே, வலிக்குதே" என்று அவர்கள் அலறியதே நோயின் பெயராகிவிட்டது: இதாய் இதாய். கெட்ட மேல்மண்ணைக் கீழே புதைத்து, மேலே நல்ல மண் பரப்பி 800 ஹெக்டேருக்கு மேல் மீட்டார்கள். 1979-இல் தொடங்கிய வேலை 2012-இல் முடிந்தது.

பாதரசத்துக்கு இன்னொரு வழி உண்டு. 357 டிகிரியில் அது கொதித்து ஆவியாகிவிடும். மண்ணைக் கழுவி, மூடிய சூளையில் சூடேற்றி, ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கலாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை வளாகத்துக்கு எடுத்த முறை இதுதான். அங்கேயும் விஷயம் வெளிவந்தது ஒரு காயலான் கடையில்தான். 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அங்கே குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்கள் காட்டினார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் விட்டுவைக்கலாம் என்று முடிவானபோது, சோலைக்காடு ஒட்டிய இடத்துக்கு இது போதாது என்று பலர் எதிர்த்தார்கள். மரத்தை வெட்டாமல் இதற்குக் கீழே தோண்ட முடியாது என்றது மறுதரப்பு. எவ்வளவு சுத்தம் "போதும்" என்பது விஞ்ஞானம் மட்டும் தீர்மானிக்கிற விஷயமில்லை. அங்கே யார் வாழப்போகிறார்கள், யார் செலவு செய்யப்போகிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது.

செடி நட்டால் உலோகத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே? கடுகையும் சூரியகாந்தியையும் பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஏக்கரில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது, 100 ஆக்க வேண்டும். 900 டன் மண்ணிலிருந்து 180 கிலோ ஈயம் வெளியேற வேண்டும். ஒரு போகத்தில் ஏக்கருக்கு 5 டன் காய்ந்த கடுகுச் செடி, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் என்று தாராளமாகவே வைத்தாலும், வெளியே போவது அரைக்கிலோ. 360 போகம் வேண்டும். வருஷத்துக்கு இரண்டு போகம் என்றால் 180 வருஷம்!

ஆர்சனிக்குக்கு மட்டும் நிஜமாகவே நல்ல செடி ஒன்று உண்டு. சுவர் இடுக்கில் முளைக்கும் ஒரு வகைப் பெரணி, மண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு ஆர்சனிக்கை இலையில் சேர்க்கிறது என்று 2001-இல் அமெரிக்காவில் கண்டார்கள். எது எப்படியானாலும், உறிஞ்சிய செடியை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியிலும் தள்ளாதீர்கள். அங்கே போட்டால் பழையபடி உங்கள் வயலுக்கே வரும்.

வெட்டிவேர் வேறு வகையில் உதவும். அது உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொண்டு மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மழையில் மண் கரைந்து ஏரிக்கு ஓடாது. சரிவான இடத்துக்கு நல்ல வேலி. அந்த வேரைத் தோண்டிப் பானைத் தண்ணீரில் போடாமல் இருந்தால் சரி.

பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டும் வழி கட்டிப்போடுவதுதான். ஈயம் உள்ள மனையில் மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, சூப்பர் பாஸ்பேட் சேருங்கள். மணிச்சத்தோடு ஈயம் சேர்ந்து கரையாத கல்லாக இறுகும். அமிலத்தன்மை இருந்தால் மட்டும் சுண்ணாம்பு. அதன்மேல் ஒரு துணி விரிப்பு, விரிப்பின்மேல் ஓரடி நல்ல மண், மண்ணின்மேல் புல். விரிப்பு எதற்கு என்றால், பின்னாளில் யாராவது தோண்டும்போது "இதற்குக் கீழே போகாதே" என்று அது சொல்லும். அறிக்கை மிக மோசமாக இருந்தால் மூடுவதற்கு முன் அந்த மூலையை எடுத்தே ஆகவேண்டும்.

அங்கே காய்கறி போடலாமா? மோசமான இடத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம். அரைக்கீரை, சிறுகீரை, முள்ளங்கி எல்லாம் உலோகத்தை எளிதில் ஏற்றும். கீரையில் மண்தூசியும் ஒட்டும். கத்தரி, வெண்டை, தக்காளி போன்று காய் பறிக்கும் பயிர்களில் குறைவாகவே ஏறும். ஓரளவு கூடுதலான மண்ணில் அவற்றைப் போட்டு, நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். நிச்சயமில்லை என்றால் தொட்டியில் வேறு மண் போட்டு வளர்ப்பது உத்தமம்.

கூவத்தூர், கல்பாக்கம் பக்கம் உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உப்பு காட்மியத்தைக் கிளப்பிவிடும். ஒரே அளவு காட்மியம் இருந்தாலும் உவர் மண்ணில் பயிர் அதிகம் ஏற்றிக்கொள்ளும். நெல் வயலில் கதிர் வரும் சமயம் தண்ணீர் நிற்க விட்டால் அரிசியில் காட்மியம் குறையும். ஆனால் ஆர்சனிக் உள்ள வயலில் தண்ணீர் நின்றால் அது கூடும். எது இருக்கிறது என்று தெரியாமல் யோசனை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

செலவை யார் ஏற்பது? கெடுத்தவர்தான். பாலாற்றுத் தோல் ஆலைகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஜூலையில் வந்திருக்கின்றன. சந்தேகத்துக்குரிய இடத்தை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், வாரியம் ஆராய வேண்டும், கெடுத்தவர் செலவை ஏற்கவேண்டும் என்கின்றன அவை.

நீங்கள் செய்யவேண்டியது, ஆய்வு அறிக்கை, படங்கள், தேதியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது. வாய்ப்பேச்சு வேண்டாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே வழக்கு போடப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. இழப்பீடு கேட்பதற்கு மட்டும் 5 ஆண்டு. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றால் கெடு கடந்துவிடும். மனை வாங்குமுன்பே என்றால் இன்னும் சுலபம்: பத்திரத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு அந்த டீக்கடையில் அரைமணி நேரம் உட்காருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இது உங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றியது. பழைய பேட்டரியைச் சைக்கிளில் வருகிறவரிடம் போடலாமா? வேண்டாம். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பழையதற்கான விலையைக் கழித்துக்கொள்வார்கள். திரும்ப வாங்கி முறையாக உருக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022 விதிகள் சொல்கின்றன. எடை குறையட்டும் என்று உள்ளே இருக்கும் அமிலத்தைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தண்ணீரிலும் ஈயம் கரைந்திருக்கிறது.